ஒத்துப்போகும், செய்தி போகாது: குவாண்டம் பின்னலை வைத்துத் தொலைதூரம் பேச முடியுமா?

செவ்வாயில் இறங்கியிருக்கும் தம்பியிடம் பூமியில் இருக்கும் அக்கா "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறாள். இரண்டு கோள்களும் மிக நெருங்கி வரும் நாட்களில்கூட அந்த ஒற்றைச் சொல் போய்ச் சேர மூன்று நிமிடம் பிடிக்கும். சூரியனுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று நின்றுவிட்டால் 22 நிமிடம். "சாப்பிட்டேன் அக்கா" என்ற பதில் வந்து சேருவதற்குள் அக்கா பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருப்பாள். வானொலி அலையும் ஒளிதான்; நொடிக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் என்ற கணக்குக்கு மேல் அது ஓடாது. 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலத்துக்கு இன்று ஒரு கட்டளை அனுப்பினால் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது.

இந்தத் தாமதத்துக்குக் குறுக்கு வழி இருக்கிறது என்று யூடியூப் காணொளிகள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. குவாண்டம் பின்னலில் சிக்கிய இரண்டு துகள்களில் ஒன்றை அளந்தால், பிரபஞ்சத்தின் மறுகோடியில் இருந்தாலும் மற்றது அந்தக் கணமே 'தெரிந்துகொள்கிறது' என்பது வாதம். அப்படியானால் ஆளுக்கு ஒரு துகளைக் கையில் வைத்துக்கொண்டு உடனுக்குடன் பேசிக்கொள்ளலாமே?

முடியாது. இன்றைய கருவிகள் போதாது என்பதல்ல காரணம். குவாண்டம் கோட்பாடு சரியென்றால் அது என்றைக்கும் முடியாது. ஆனால் ஏன் முடியாது என்று தோண்டிப் பார்த்த ஆட்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த பகுதியே அதுதான்.

பின்னல் என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். (இதற்குத் தமிழில் பின்னல், பிணைப்பு, சிக்கல் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். பிரிக்கப் போனால் இரண்டு இழையும் கெடும் என்ற பொருள் தொனிப்பதால் நான் பின்னலையே வைத்துக்கொள்கிறேன்.) 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா லேசரைத் தகுந்த படிகம் ஒன்றின் வழியே விட்டால், எப்போதாவது ஒரு ஊதா ஃபோட்டான் (ஒளியின் மிகச் சிறிய துணுக்கு) இரண்டாக உடைந்து 810 நானோமீட்டரில் ஒரு சோடி வெளியே வரும். ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை முனைவாக்கம் என்பார்கள். இந்தச் சோடியில் எந்த ஃபோட்டானுக்கும் தனியாகத் தீர்மானமான முனைவாக்கம் கிடையாது. ஒரு வடிகட்டியை வைத்துச் சோதித்தால் பாதி நேரம் உள்ளே போகும், பாதி நேரம் போகாது. போனால் 1, போகாவிட்டால் 0 என்று எழுதிக்கொள்ளலாம். சோடியின் மற்ற ஃபோட்டானையும் அதே கோணத்தில் சோதித்தால் அதே விடை வரும். தவறாமல் வரும்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர் உண்டு. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒற்றைச் செருப்பு மட்டும் பைக்குள் வந்துவிட்டது. அடுத்த ஊரில் பையைத் திறந்து இடது கால் செருப்பைப் பார்த்த நொடியில், வீட்டில் கிடப்பது வலது என்று தெரிந்துவிடுகிறது. எந்தச் சமிக்ஞையும் ஒளியை முந்தவில்லை. செருப்பு கிளம்பும்போதே இடது. 1935இல் ஐன்ஸ்டைன், போடோல்ஸ்கி, ரோசன் மூவரும் எழுதிய கட்டுரையின் சாரமும் ஏறத்தாழ இதுதான்: ஃபோட்டான் கிளம்பும்போதே விடையைச் சுமந்துகொண்டு கிளம்பியிருக்க வேண்டும், அதைச் சொல்லத் தெரியாத கோட்பாடு முழுமை பெறாதது. இல்லையென்றால் தொலைவிலிருந்து ஆட்டிவைக்கும் பேய்வேலை ஒன்றை நம்ப வேண்டிவரும் என்று பின்னாளில் மாக்ஸ் போர்னுக்கு எழுதிய கடிதத்தில் ஐன்ஸ்டைன் அலுத்துக்கொண்டார்.

செருப்புக் கணக்கு தவறு என்று காட்ட ஒரு வழி இருப்பதை 1964இல் கண்டவர் பெல்ஃபாஸ்டில் பிறந்த ஜான் பெல். அவருடைய வாதத்தின் பிற்கால வடிவம் ஒன்றை விளையாட்டாகவே ஆடிப் பார்க்கலாம். அக்காவையும் தம்பியையும் தனித்தனி அறையில் உட்கார வையுங்கள். ஒவ்வொருவருக்கும் தனியே ஒரு நாணயம் சுண்டப்படும். தமக்கு விழுந்தது பூவா தலையா என்று பார்த்துவிட்டு, இருவரும் 0 அல்லது 1 என்று ஒரு சீட்டில் எழுத வேண்டும். இருவருக்குமே தலை விழுந்திருந்தால் சீட்டுகள் வேறுபட வேண்டும். மற்ற மூன்று சேர்க்கைகளிலும் சீட்டுகள் ஒன்றாக இருக்க வேண்டும். முன்கூட்டியே எவ்வளவு வேண்டுமானாலும் பேசி வைத்துக்கொள்ளலாம். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் 0 என்றே எழுதினால் நான்கில் மூன்று முறை வெற்றி, அதாவது 75 சதவீதம். எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டாலும், எத்தனை ரகசிய ஒப்பந்தம் போட்டாலும் இதைத் தாண்ட முடியாது. ஆனால் ஆளுக்கு ஒரு பின்னிய ஃபோட்டானைக் கொடுத்து, நாணயத்துக்கு ஏற்ற கோணத்தில் அளக்கச் சொன்னால் வெற்றி 85 சதவீதத்தைத் தொடுகிறது. செருப்பு எந்தக் காலத்திலும் இதைச் செய்யாது.

இது காகிதக் கணக்கோடு நிற்கவில்லை. 1972இல் பெர்க்லியில் கிளாசரும் ஃபிரீட்மனும், 1980களின் தொடக்கத்தில் பாரிஸுக்கு அருகே ஓர்சேயில் அஸ்பெயும் பெல்லின் சோதனையைச் செய்து பார்த்தார்கள். 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு வைரத் துண்டுகளில் இருந்த எலக்ட்ரான்களைப் பின்னி, 220 மணி நேரத்தில் 245 முறை ஆட்டத்தை ஆடி, முந்தைய சோதனைகளில் வேறு விளக்கத்துக்கு இடம் விட்ட முக்கியமான ஓட்டைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடைத்தார்கள். கிளாசர், அஸ்பெ, ஆஸ்திரியாவின் சைலிங்கர் மூவருக்கும் 2022இல் இயற்பியல் நோபல் பரிசு வந்தது.

இனி அக்காவின் அறைக்குள் மட்டும் எட்டிப் பாருங்கள். ஆட்டத்துக்குப் பின் அவள் மேசையில் ஒரு கட்டுச் சீட்டு கிடக்கிறது: 0, 1, 1, 0, 1, 0, 0. பாதிக்குப் பாதி, எந்த ஒழுங்கும் இல்லாத வரிசை. தம்பிக்குத் தலை விழுந்ததா பூ விழுந்ததா, அவன் எந்தக் கோணத்தில் அளந்தான், அளந்தானா தூங்கிவிட்டானா என்பதற்கெல்லாம் அந்தச் சீட்டுக்கட்டில் தடயமே இருக்காது. எல்லா நிலையிலும் அது நாணயம் சுண்டிய வரிசை மாதிரியேதான் தெரியும். 85 சதவீதம் என்ற அதிசயம் எந்த ஒரு மேசையிலும் கிடையாது. இரண்டு சீட்டுக்கட்டுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போதுதான் அது தலைகாட்டும். ஒப்பிட வேண்டுமென்றால் ஒரு கட்டு பஸ் ஏறியோ ஃபோன் வழியாகவோ மற்ற அறைக்கு வந்தாக வேண்டும்.

2008இல் ஜெனீவா அருகே சட்டிஞி, ஜூசி என்ற இரு கிராமங்களுக்கு இடையே, 18 கிலோமீட்டர் தூரத்தில் நடந்த சோதனையில், அப்படி ஏதேனும் ஒரு தாக்கம் பாய்கிறது என்றால் அதன் வேகம் ஒளியைப்போல் குறைந்தது பத்தாயிரம் மடங்காவது இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். இந்த 'பத்தாயிரம் மடங்கு' செய்தித் தலைப்புகளில் ஏறி உட்கார்ந்தது. 'அப்படி ஏதேனும் பாய்கிறது என்றால்' என்ற பாதி வழியில் விழுந்துவிட்டது.

சரி, விடையை அக்கா தானே தேர்ந்தெடுத்தால் என்ன? 1 வேண்டும் என்று தன் ஃபோட்டானை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் அங்கேயே பின்னல் அறுந்துவிடும். தம்பியுடையது அதைப் பின்தொடராது. அளந்தால் 'ஆம்', அளக்காவிட்டால் 'இல்லை' என்று ஒப்பந்தம் செய்துகொண்டால்? இரண்டிலும் தம்பிக்குப் பாதிக்குப் பாதிதான் தெரியும்.

மூன்றாவது யோசனைதான் கெட்டிக்காரத்தனமானது. கலிஃபோர்னியாவில் இருந்த நிக் ஹெர்பர்ட் என்ற இயற்பியலாளர் 1980களின் தொடக்கத்தில் அதைக் கட்டுரையாக எழுதி, கருவிக்கு 'ஃபிளாஷ்' என்று பெயரும் வைத்தார். அக்கா தன் ஃபோட்டானை இரண்டு விதமாக அளக்கலாம்: நேர்க்கோட்டு அதிர்வா என்று, அல்லது சுழலும் அதிர்வா என்று. முதல் விதத்தில் அளந்தால் தம்பியின் ஃபோட்டான் ஏதோ ஒரு நேர்க்கோட்டு நிலையில் நிற்கும். இரண்டாம் விதத்தில் அளந்தால் வலச்சுழியாகவோ இடச்சுழியாகவோ நிற்கும். எந்த வகை என்று தம்பி கண்டுபிடித்துவிட்டால் செய்தி வந்த மாதிரி. ஒற்றை ஃபோட்டானிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்பதால் அவனால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்த ஒன்றை லேசர் குழாய்க்குள் விட்டு நூறாகப் பெருக்கினால்? ஐம்பதை ஒரு விதத்திலும் ஐம்பதை இன்னொரு விதத்திலும் சோதித்துவிடலாமே!

கட்டுரையை மதிப்பிட வந்தவர்களில் ஒருவர் இத்தாலியின் கிரார்டி. தவறு என்று நிறுவிக் காட்டி, வெளியிட வேண்டாம் என்றார். இன்னொருவர் இஸ்ரேலின் ஆஷர் பெரஸ். தவறு என்று அவருக்கும் தெரியும். தெரிந்தே வெளியிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். தவறு எங்கே என்று தேடும் வேலை பலரைக் கிளப்பிவிடும், அதனால் நல்லது விளையும் என்பது அவர் எண்ணம். பல ஆண்டுகள் கழித்து இதை அவரே எழுதி ஒப்புக்கொண்டார். ஆய்விதழ்களின் வரலாற்றில் இப்படி ஒரு பரிந்துரை அபூர்வம். கட்டுரை 1982இல் வெளியானது. அதே ஆண்டிலேயே வூட்டர்ஸும் ஸூரெக்கும் ஒரு பக்கம், டீக்ஸ் இன்னொரு பக்கம் விடையைக் கொண்டுவந்தார்கள்: நிலை இன்னதென்று தெரியாத ஒரு குவாண்டம் துகளை அப்படியே நகலெடுக்கும் கருவி இருக்கவே முடியாது. லேசர் பெருக்கும்தான், ஆனால் தானாகப் பிறக்கும் ஃபோட்டான்கள் ஊடே கலந்து, பிரதிகளைத் தேவையான அளவுக்குச் சரியாகக் கெடுத்துவிடும். தம்பி மறுபடியும் பாதிக்குப் பாதியில் வந்து நிற்பான்.

நகலெடுக்க முடியாது என்பது அக்காவுக்கும் தம்பிக்கும் ஏமாற்றம். ஒட்டுக் கேட்பவனுக்கு அது பேரிடி. ஃபோன் கம்பியில் போகும் செய்தியை யாராவது இடையில் பிடித்து ஒரு நகல் எடுத்துவிட்டு அசலை அப்படியே விட்டால் பேசுகிறவர்களுக்குத் தெரியாது. ஒற்றை ஃபோட்டானிடம் அந்த வேலை நடக்காது. பென்னட், பிரசார் இருவரும் இதைப் பயன்படுத்தி, செய்தியைப் பூட்டவும் திறக்கவும் உதவும் ரகசியச் சாவியை, அதாவது ஒரு 0, 1 வரிசையை, பரிமாறும் முறையை 1984 டிசம்பரில் ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். அந்த மாநாடு நடந்த ஊர் பெங்களூரு.

அதில் பின்னல் கிடையாது. பின்னலைக் கொண்டுவந்தவர் 1991இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஆர்தர் எகெர்ட். அக்காவும் தம்பியும் ஒரே கோணத்தில் அளந்த சுற்றுகளில் இருவர் சீட்டிலும் ஒரே 0, 1 வரிசை இருக்கும். அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, எந்தக் கம்பி வழியாகவும் அது போகவில்லை, அதில் எந்தச் செய்தியும் இல்லை. பூட்டுச் சாவிக்கு வேண்டிய தகுதிகளே இவைதான். மீதிச் சுற்றுகளை வைத்து முன்னே பார்த்த ஆட்டத்தை ஆடிப் பார்க்கலாம். வெற்றி 85 சதவீதத்துக்கு அருகில் இருந்தால் நடுவில் யாரும் கைவைக்கவில்லை. 75க்குக் கீழே இறங்கினால் அந்தச் சாவியைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான். பூட்டிய செய்தி என்னவோ வழக்கமான வானொலி வழியாக, ஒளியின் வேகத்தில்தான் போகும்.

ஆகவே 'பின்னலை வைத்துத் தகவல்தொடர்பு' என்று செய்தித்தாளில் படித்தால், பெரும்பாலும் அது சாவி பரிமாறுவதைத்தான் குறிக்கிறது. அங்கேயும் தூரம் என்ற சொல் வந்தவுடன் தொல்லை ஆரம்பம். நல்ல ஒளியிழையில் ஒவ்வொரு 50 கிலோமீட்டருக்கும் பத்தில் ஒரு ஃபோட்டான்தான் மிஞ்சும். 100 கிலோமீட்டரில் நூற்றில் ஒன்று. 1000 கிலோமீட்டரில், நொடிக்கு ஆயிரம் கோடி ஃபோட்டான் அனுப்பினாலும் ஒரே ஒரு ஃபோட்டான் போய்ச் சேர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். சாதாரண இணையத்துக்கு இந்தக் கவலை இல்லை. கடலடிக் கம்பியில் இடையிடையே சமிக்ஞையை வலுப்படுத்தும் பெருக்கிகளை வைத்திருக்கிறார்கள். குவாண்டம் சமிக்ஞைக்குப் பெருக்கி வைக்க முடியாது. ஹெர்பர்ட்டைத் தடுத்த அதே நகல் தடை இங்கேயும் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது.

அதனால் வானத்துக்குப் போனார்கள். காற்று மண்டலத்தின் அடர்த்தியான பகுதி பத்து கிலோமீட்டர்தான். அதற்கு மேல் வெற்றிடம் ஃபோட்டானைத் தின்பதில்லை. சீனாவின் பான் ஜியன்வெய் குழு 2016 ஆகஸ்டில் மிசியஸ் என்ற செயற்கைக்கோளை ஏவியது. 500 கிலோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டே, நொடிக்கு 59 லட்சம் பின்னிய சோடிகளை உண்டாக்கி, ஒரு ஃபோட்டானைத் தெலிங்கா நிலையத்துக்கும் மற்றதை 1203 கிலோமீட்டர் தள்ளி லிஜியாங்குக்கும் அனுப்பியது. இரு முனையிலும் சேர்ந்து பிடிபட்டவை நொடிக்கு ஏறத்தாழ ஒரு சோடி. 59 லட்சத்தில் ஒன்று! ஆனாலும் பெல் சோதனை தேறியது.

2017 செப்டம்பரில் பெய்ஜிங்குக்கும் வியன்னாவுக்கும் இடையே குவாண்டம் சாவியால் பூட்டப்பட்ட வீடியோ அழைப்பு நடந்தது. பலரும் அதைப் பின்னலின் வெற்றி என்று எழுதினார்கள். அந்த அழைப்பில் செயற்கைக்கோள்தான் இரு பக்கத்துக்கும் சாவி கொடுத்த தரகர். சாவி அதற்குத் தெரியும். தரகரையும் நம்பத் தேவையில்லாத முறையை, பின்னலை வைத்தே, 2020இல் 1120 கிலோமீட்டருக்குச் செய்து காட்டினார்கள். கிடைத்த வேகம் நொடிக்கு 0.12 பிட். 256 பிட் நீளமுள்ள ஒரு சாவிக்கு 35 நிமிடத்துக்கு மேல் ஆகும். செயற்கைக்கோள் ஒரு முறை கடந்து போகும்போது கிடைப்பதோ சில நிமிடங்கள். ஒரே ஒரு சாவிக்குப் பல இரவுகள்!

மிசியஸ் இன்னொன்றும் செய்தது: திபெத்தின் ஙாரியிலிருந்து 1400 கிலோமீட்டர் வரை ஒரு ஃபோட்டானின் நிலையை 'டெலிபோர்ட்' செய்தது. பெயரைக் கேட்டால் ஏதோ மாயமாக மறைந்து அங்கே தோன்றும் வித்தை மாதிரி இருக்கிறது. பென்னட் உள்ளிட்ட ஆறு பேர் 1993இல் எழுதிய செய்முறையைப் படித்தால், அக்கா தன் பக்கம் அளந்து கிடைத்த இரண்டு பிட்டுகளைத் தம்பிக்குச் சொல்லியாக வேண்டும் என்ற வரி இருக்கிறது. நான்கு விதமான திருத்தங்களில் எதைச் செய்வது என்று அந்த இரண்டு பிட் சொல்லும். அது வரும்வரை தம்பியிடம் இருப்பது வெறும் இரைச்சல். அந்த இரண்டு பிட்டும் வானொலியில்தான் வர வேண்டும். மறுபடியும் 22 நிமிடம்.

பின்னிய சோடிகளைப் பெட்டியில் அடைத்து ராக்கெட்டில் ஏற்றிவிட்டால்? செவ்வாய்ப் பயணம் ஏறத்தாழ ஏழு மாதம். யூரோப்பியம் கலந்த படிகம் ஒன்றில் குவாண்டம் நிலை ஆறு மணி நேரம் வரை குலையாமல் நிற்கும் என்று 2015இல் ஆஸ்திரேலியாவில் காட்டினார்கள். அதுவும் தனிச்சுழிக்கு (எதுவும் அதற்குக் கீழே குளிர முடியாத வெப்பநிலை) சில பாகைகளே மேலான உறைகுளிரில். முன்கூட்டிப் பங்கிட்ட பின்னலால் பேச்சுக்குக் கிடைக்கும் சலுகையும் சிறியதுதான்: ஒரு ஃபோட்டானில் ஒரு பிட்டுக்குப் பதில் இரண்டு பிட் ஏற்றலாம். ஃபோட்டான் போய்த்தான் சேர வேண்டும்.

தரையில் தூரத்தை வெல்ல ஒரு வழி இருக்கிறது. அ–ஆ ஒரு சோடி, ஆ–இ ஒரு சோடி என்று பின்னி, நடுவில் இருக்கும் ஆ தன்னிடமுள்ள இரண்டையும் சேர்த்து அளந்தால், ஒருபோதும் சந்திக்காத அ–வும் இ–யும் பின்னிக்கொள்ளும். இதைச் சங்கிலியாகக் கோக்கும் திட்டத்தை 1998இல் பிரீகல், டூர், சிராக், சோலர் எழுதினார்கள். நடுவில் நிற்பவரிடம் சாவி சிக்காது. பக்கத்துச் சோடி தயாராகும்வரை தன் பங்கைக் கெடாமல் காத்து வைக்கும் குவாண்டம் நினைவகம் வேண்டும். வண்டி சிக்கியிருப்பது அங்கேதான். பெய்ஜிங்–ஷாங்காய் இடையே 2017இல் தொடங்கிய 2000 கிலோமீட்டர் தடத்தில் அதற்குப் பதிலாக 32 இடைநிலையங்களை வைத்து, ஒவ்வொன்றிலும் சாவியைத் திறந்து மறுபடி பூட்டி அனுப்புகிறார்கள். 32 இடங்களில் காவலுக்கு ஆள் போட்டால் சரி.

இந்தியாவில் இஸ்ரோ 2022 ஜனவரியில் அகமதாபாதில் இரண்டு கட்டடங்களுக்கு இடையே 300 மீட்டர் தூரத்துக்குப் பின்னல் வழிச் சாவிப் பரிமாற்றம் செய்தது. டெல்லி ஐஐடியும் டிஆர்டிஓவும் 2025 ஜூனில் திறந்தவெளியில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டி, நொடிக்கு ஏறத்தாழ 240 பிட் எடுத்தார்கள். 2023இல் ஒன்றிய அரசு 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த தேசிய குவாண்டம் இயக்கத்தின் இலக்குகளில் 2000 கிலோமீட்டர் செயற்கைக்கோள் வழிச் சாவிப் பரிமாற்றமும் ஒன்று. தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில்.

இவ்வளவு பணம் தேவையா என்ற கேள்வி முரட்டுக் கேள்வி அல்ல. குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாது என்று கருதப்படும் கணிதப் பூட்டுகளுக்கு அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பு 2024 ஆகஸ்டில் இறுதி வடிவம் கொடுத்துவிட்டது. அவற்றுக்குப் புதிய கம்பியோ செயற்கைக்கோளோ வேண்டாம். மென்பொருளை மாற்றினால் போதும். அந்நாட்டின் உளவு அமைப்பான என்எஸ்ஏ அரசுப் பாதுகாப்பு வலைப்பின்னல்களுக்குக் குவாண்டம் சாவியைப் பரிந்துரைப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. என் கணிப்பில், அன்றாட வங்கிக் கணக்குக்கும் அரட்டைக்கும் கணிதப் பூட்டே போதும். பின்னலுக்கான உண்மையான வேலை, தொலைவில் உள்ள குவாண்டம் கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பதில் இருக்கும். அதற்கு வேறு எதுவும் உதவாது.

என்எஸ்ஏ சொல்லும் ஆட்சேபங்களில் ஒன்று அக்காவுக்கும் நேராகப் பொருந்தும். சீட்டுகளை ஒப்பிடும் அந்த வானொலிப் பேச்சில் மறுமுனையில் இருப்பது தம்பிதானா, தம்பி மாதிரி பேசும் இன்னொருவனா என்று எந்த ஃபோட்டானும் சொல்லாது. நடுவில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு அக்காவிடம் தம்பியாகவும் தம்பியிடம் அக்காவாகவும் நடித்தால், இரண்டு பக்கமும் பெல் சோதனை ஒழுங்காகவே தேறும். அதைத் தடுக்க, ராக்கெட் ஏறுவதற்கு முன்பே இருவரும் ஒரு ரகசியச் சொல்லைக் காதோடு காதாகப் பேசி வைத்திருக்க வேண்டும்.